அரைப்பேர்: ஹட்டனிலிருந்து தலைமன்னார் வரை

16 ஆகஸ்ட் 2022, செவ்வாய். திருச்சி – கொழும்பு

பொருளாதார நெருக்கடியில் இருக்கும் இலங்கையில், அத்தை வீட்டுக்குக் கொண்டுபோக அப்பா போட்டுக் கொடுத்த பட்டியல் முழுசாக ஒரு பக்கம். பிரஷர் மாத்திரை ஆறு அட்டை, சர்க்கரை மாத்திரை ஆறு அட்டை, பாராசிட்டமால், பால்பவுடர் நாலு பாக்கெட், சலவை சோப்பு, பேத்திக்கு நாப்கின், கணக்கு நோட்டு பத்து. கடைசி வரியில் 'ஊசி நூல்' என்று எழுதி அடித்திருந்தார். கோத்தகிரியில் இருந்து திருச்சி வரும்வரை அந்த அடித்தல்தான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் தாயகம் திரும்பியோர். 1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டங்களிலிருந்து எண்ணிக்கையாக இந்தப் பக்கம் வந்தவர்கள். அப்பா 1974ல் வந்து தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டமான டான்டீயில் சேர்ந்தார். அவருடைய அக்கா, என் அத்தை, மாமாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்ததால் அங்கேயே நின்றுவிட்டார். ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவர்களுக்கு இரண்டு நாடு. எப்போதாவது கல்யாணம், கருமாதிக்குப் போய்வருவோம். இந்தத் தடவை விசேஷம் எதுவும் இல்லை. ஜூலையில் அத்தை போனில், "மாத்திரை வெளியில வாங்கிக்கச் சொல்லிட்டாங்க, வெளியிலயும் இல்ல" என்றார். அதுதான் பயணத்துக்குக் காரணம்.

கட்டுநாயக்கவில் காசு மாற்றினேன். நம்முடைய ஒரு ரூபாய்க்கு நாலரை ரூபாய். 2019ல் வந்தபோது இரண்டரை சொச்சம்தான். பர்ஸ் மூடவில்லை. இன்னொரு வீட்டின் நஷ்டத்தில் பணக்காரனாவது இப்படித்தான் இருக்கும் போல, எனக்குக் கூச்சமாக இருந்தது.

187ஆம் நம்பர் பஸ்ஸில் கோட்டைக்கு வந்தேன். வழியில் இரண்டு பெட்ரோல் ஷெட்டுகள். முன்பு படங்களில் பார்த்த மைல் நீள கியூ இல்லை, முக்கால் மைல் இருக்கும். சாலையில் கார்கள் குறைவு. டை கட்டின ஆசாமி ஒருவர் சைக்கிளில், கால்சட்டையின் கீழே கிளிப் மாட்டிக்கொண்டு போனார். கொழும்பில் நான் இதற்கு முன் பார்க்காத காட்சி.

17 ஆகஸ்ட், புதன். கொழும்பு

வெள்ளவத்தையில் தங்கியிருக்கும் விடுதியை நடத்துபவர் யாழ்ப்பாணத்துக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் பிளேன்டீ கொடுத்துவிட்டு, நாடு நொடித்த கதையை நான் கேட்காமலே ஆரம்பித்தார்.

"தம்பி, எல்லாரும் சீனாக்கடன் எண்டு ஒரு சொல்லில முடிக்கிறாங்கள். அது மட்டுமில்லை. வீட்டுக் கணக்கு மாதிரிப் பாருங்கோ."

அவர் சொன்ன வீட்டுக் கணக்கு இது. 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்பு, டூரிஸ்ட் வரவு படுத்தது. அந்த வருஷக் கடைசியில் புது அரசாங்கம் வந்ததும் வாட் வரியை 15 சதவீதத்திலிருந்து 8க்குக் குறைத்தது. வருமானம் போச்சு. மூன்று மாதத்தில் கொரோனா, மிச்சமிருந்த டூரிஸ்டும் போச்சு. உலகச் சந்தையில் புதுசாகக் கடன் கொடுக்க ஆள் இல்லை. ஆனாலும் பழைய கடனுக்குத் தவணை கட்டிக்கொண்டே இருந்தார்கள். 2022 ஜனவரியில்கூட 50 கோடி டாலர் கட்டினார்கள். "வீட்டில அரிசி இல்லை, வட்டிக்காரனுக்கு மட்டும் நேரத்துக்குக் காசு" என்று சிரித்தார். ஏப்ரல் 12ல்தான், இனி வெளிக்கடன் கட்ட முடியாது என்று கையை விரித்தார்கள்.

அதைவிட அவருக்குக் கோபம் டாலர் விலைமேல். மார்ச் வரை 200 ரூபாய்ச் சொச்சத்திலேயே அதைப் பிடித்து வைத்திருந்தார்கள். வெளியே, வங்கி வழியாக இல்லாமல் காசு அனுப்பும் உண்டியல்காரர்கள் 250 கொடுத்தார்கள். "கட்டாரில வேலை செய்யிற பெடியன் பாங்கில போடுவானோ, உண்டியலில போடுவானோ? நானே பாங்கில வேலை செய்தவன், என்ர மருமகனுக்கு உண்டியல் எண்டுதான் சொன்னனான்." 2020ல் 700 கோடி டாலருக்கு மேல் வந்த வெளிநாட்டுக் காசு, அடுத்த வருஷம் 550 கோடியாகிவிட்டது. பிறகு ரூபாயை அவிழ்த்துவிட்டதும் இரண்டே மாதத்தில் டாலர் 360. கடலில் எண்ணெய்க் கப்பல் வந்து நிற்கும், இறக்கக் காசு இருக்காது.

சாயங்காலம் காலிமுகத்திடல் போனேன். ஜனாதிபதி கோட்டாபயவைப் போகச் சொன்ன போராட்டக்காரர்களின் 'கோட்டா கோ கம' கூடாரங்களைப் போன வாரம்தான் கடைசியாகப் பிரித்திருக்கிறார்கள். கூடாரம் இருந்த இடங்களில் புல் மஞ்சளாகச் சதுரம் சதுரமாக இருந்தது. ஒரு குடும்பம் அதில் உட்கார்ந்து இறால் வடை தின்றுகொண்டிருந்தது. நானும் ஒன்று வாங்கினேன். விலை கேட்டதும் வைத்துவிடலாமா என்று யோசித்துவிட்டேன்.

18 ஆகஸ்ட், வியாழன். ஹட்டன்

விடியற்காலை 5.55 பொடி மெனிக்கே. ஜூலைக் கடைசியில் கட்டணம் ஏற்றியும் பஸ்ஸைவிட ரயில்தான் மலிவு. அதனால் நிற்கவும் இடமில்லை. நாவலப்பிட்டி வரை ஒற்றைக்காலில் வந்தேன். வட்டவளை, ரொசெல்ல தாண்டும்போது குளிர் முகத்தில் அடித்தது. ஊர் வந்துவிட்டது.

ஸ்டேஷனில் மச்சான், அத்தை மகன், நின்றிருந்தான். த்ரீவீலர் ஓட்டுகிறவன், ஆனால் வண்டி கொண்டுவரவில்லை. "கியூஆர்ல கிழமைக்கி அஞ்சு லீட்டரு மாப்ள. லீட்டரு நானூத்தம்பது. போன டிசம்பர்ல நூத்தி எழுபத்தேழு. ஒன்னை ஏத்திக்கிட்டுப் போனா, நாளைக்கி ஆஸ்பத்திரி ஹயர் போவும்." பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். இந்த கியூஆர் பங்கீட்டு முறை வருவதற்கு முன், ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் பெட்ரோல் என்று நிறுத்தினார்களே, அப்போது ஷெட்டில் நான்கு ராத்திரி வண்டியிலேயே படுத்திருக்கிறான். ஐந்தாம் நாள் அவனுக்கு முன்னால் ஏழாவது வண்டியோடு எண்ணெய் முடிந்துபோச்சாம். இப்போது சீட்டுக்கட்டு விளையாட நல்ல பழக்கமாகிவிட்டது என்கிறான்.

19 ஆகஸ்ட், வெள்ளி. தோட்டம்

இன்றைய குறிப்பு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தை வீடு பழைய லயத்தில் நாலாவது காம்பிரா, அதாவது அறை. இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், படுத்து எழுந்தேன். நாலரைக்கெல்லாம் அடுப்பு எரிகிற வாசம். விறகுதான். காஸ் சிலிண்டர் 4,664 ரூபாய் என்று பேப்பரில் பார்த்ததைச் சொன்னேன். மச்சான் பொண்டாட்டி, "அது டவுன் கதண்ணே, இங்க யாருக்கிட்ட சிலிண்டர் இருக்கு?" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. நாலு மாதமாக நான் டிவியில் பார்த்ததெல்லாம் கியூ. காஸ் கியூ, பெட்ரோல் கியூ, பாஸ்போர்ட் கியூ. கியூவில் நிற்பதற்கே ஒரு வண்டியோ சிலிண்டரோ வேண்டும். லயத்துக்குக் கஷ்டம் அந்த வழியாக வரவில்லை. மாவு வழியாக வந்திருக்கிறது.

இங்கே மூன்று வேளையில் இரண்டு வேளை கோதுமை மாவு ரொட்டி. ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்தான் மலைக்குக் கொண்டுபோகிற சாப்பாடு. போன வருஷம் நூறு சொச்சத்துக்கு வாங்கிய மாவு, ஹட்டன் கடைத்தெருவில் கிலோ நானூறை நெருங்கிவிட்டது. அதுவும் கேட்ட அளவு கிடைப்பதில்லை. ஜூலையில் நாட்டில் உணவுப் பொருள் விலை ஒரு வருஷத்தில் 90.9 சதவீதம் ஏறியதாக அரசாங்கக் கணக்கே சொல்கிறது. அந்தக் கணக்கு கொழும்பு விலையை வைத்துப் போட்டது. மாவை மட்டும் வைத்து இந்த லயத்தில் போட்டால் என்ன வரும் என்று நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

சம்பளம்? நாளுக்கு ஆயிரம் ரூபாய். 2021 மார்ச்சில் வர்த்தமானியில், அதாவது அரசிதழில், வந்தது, அதற்கு எத்தனை வருஷப் போராட்டம் என்பது தனிக் கதை. வந்தபோது அது ஐந்து டாலர். இப்போது மூன்று டாலர்கூட இல்லை. நம் காசில் 220 ரூபாய்.

அந்த ஆயிரமும் சும்மா வராது. ஏழரை மணிக்கு மச்சான் பொண்டாட்டியோடு மலைக்குப் போனேன். இந்தத் தோட்டத்தில் நாளுக்கு இருபது கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள், அதாவது பாதிச் சம்பளம். அவள் பதினெட்டு வருஷமாகக் கொழுந்து எடுக்கிறவள். கை இயந்திரம் மாதிரி ஓடுகிறது. ஆனால் செடியில் இல்லையே! நானும் தேயிலைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன். பார்த்ததும் தெரிந்தது, இலை வெளுத்திருக்கிறது, தளிர் சின்னதாகி, வளர்ச்சி நின்று பங்கி விழுந்திருக்கிறது. பசியில் இருக்கிற செடி.

"மருந்து அடிக்கல, ஒரம் போடல, ஒன்ற வருசமாச்சு. செடிக்கிச் சோறு இல்ல, எங்கள மட்டும் இருவது கேக்குறாங்க."

2021 ஏப்ரலில் ஒரே நாளில் ரசாயன உரம் இறக்குமதி செய்யக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். நாடு முழுக்க இயற்கை விவசாயம் என்று பெயர் சொன்னார்கள். நானே கோத்தகிரியில் வீட்டுக் கீரைக்கு எரு போடுகிறவன், இயற்கை விவசாயத்துக்கு எதிரி இல்லை. அதற்காக லட்சக்கணக்கான ஏக்கர் தேயிலையையும் நெல்லையும் ஒரு போகத்தில் மாற்ற முடியுமா? டாலரை மிச்சம் பிடிக்க எடுத்த முடிவு என்று அப்போதே பலர் சொன்னார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் உர விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. டாலர் கொண்டுவருகிற செடியின் வாயைக் கட்டி டாலரை மிச்சம் பிடித்த கூத்து இது.

மதியம் நிறுக்கும்போது அவள் கூடையில் ஒன்பது. சாயங்காலம் சேர்த்துப் பதினாறரை. கணக்கப்பிள்ளை எதுவும் பேசாமல் எழுதினார். அரைப்பேர். அவள் தலைத்துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டு, "நேத்து பதினேழு" என்று மட்டும் சொன்னாள். ஐந்நூறு ரூபாய் என்றால் ஒரு கிலோ மாவு, அரைத் தேங்காய். அவ்வளவுதான்.

ராத்திரி ஆளுக்கு இரண்டு ரொட்டி. எனக்கு மூன்று வைத்தார்கள். நான் வேண்டாம் என்றால் அத்தை கோபிப்பார், தின்றால் தொண்டையில் இறங்கவில்லை. பேத்திப்பிள்ளை நான் கொண்டுபோன பால்பவுடரை விரலால் தொட்டு நக்கிக்கொண்டிருந்தது. சின்ன வயசில் நானும் அப்படித்தான் தின்பேன், அதனால் பரிதாபப்பட்டு எழுதவில்லை.

20 ஆகஸ்ட், சனி. தோட்டம்

மழை. அத்தையோடு அடுப்படியிலேயே கழிந்தது. கதவுக்குக் கீழே குளிர் வராமல் அடைத்திருந்த சாக்கைப் பார்த்தேன், தமிழ்நாட்டிலிருந்து வந்த நிவாரண அரிசிச் சாக்கு. மே 18ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பலில் 9,000 டன் அரிசி போனதே, அந்த வரிசையில் வந்தது. அரிசி பதினைந்து நாள் வந்ததாம். சாக்கு இன்னும் வேலை செய்கிறது.

"அத்தை, இது பெருசா, அப்பா வந்த காலத்துப் பஞ்சம் பெருசா?" என்று கேட்டேன்.

அவர் நெருப்பைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னார். 1973, 74. சிறிமா காலத்துப் பஞ்சம். ரேஷனைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று ரோட்டில் மறித்தார்கள். நாட்டுக்காரர்களுக்கு, அதாவது சிங்களக் கிராமத்தாருக்கு, ஒரு துண்டு வயலாவது இருந்தது, தோட்டத்தில் என்ன இருக்கிறது? ஒரு ராத்தல் பாணுக்கு, அதாவது பிரெட்டுக்கு, விடியக்காலை மூணு மணிக்குப் போய் நிற்பார்களாம். மரவள்ளிக் கிழங்கு, கீரை, அதுவும் இல்லாதபோது வெறும் சாயத்தண்ணி. அத்தைக்குப் பிறந்து எட்டு மாதமான பிள்ளை ஒன்று அந்த வருஷம் போய்விட்டது. இது எனக்குத் தெரியாது. அப்பா சொன்னதே இல்லை.

"அப்ப கடையிலயே சாமான் கெடையாது சாமி. இப்பக் கடையில இருக்கு, கையில கெடையாது."

மச்சான் இஸ்தோப்பிலிருந்தே, "மே மாசம் கடையிலயும் கெடையாதும்மா, மறந்துட்டியா?" என்றான். "நீ சும்மா கெட" என்றார்.

கோத்தகிரிக்கு வந்துவிடுங்கள் என்று அப்பா சொல்லச் சொன்னதைச் சொன்னேன். அத்தை சிரித்தார். ரயிலுக்கு அவர் சொல் கோச்சி. "ஒங்கப்பன் கோச்சி ஏறுனப்பவும் இதையேதான் சொன்னான். நான் போனா இந்தப் புள்ளைங்களுக்கு அடுப்பு யாரு பத்த வைப்பா?" மருமகள் வெளிநாட்டுக்குப் போக பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. சவூதியோ குவைத்தோ, வீட்டு வேலை. அதைப் பற்றி அவளும் பேசவில்லை, மச்சானும் பேசவில்லை.

கிளம்பும்போது அத்தை அரைக் கிலோ தேயிலைத்தூள் கட்டிக் கொடுத்தார், தோட்டத்தில் மாதாமாதம் கிடைப்பது. தேயிலைக்கு நடுவில் குடியிருக்கிற தம்பிக்குத் தேயிலைத்தூள்!

21 ஆகஸ்ட், ஞாயிறு. மன்னார்

நாள் முழுக்க பஸ். ஹட்டன், கண்டி, வவுனியா, மன்னார். நாலு பஸ் என்று நினைத்தது மூன்றில் முடிந்தது. தம்புள்ளைக்கு அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்தவர் வவுனியாப் பக்கத்து நெல் விவசாயி. "முன்னம் ஏக்கருக்கு இருபது மூட்டை எண்டா, போன பெரும்போகம் பத்து" என்றார். இந்தச் சிறுபோகத்துக்கு இந்தியக் கடனில் யூரியா வந்ததாம், கொஞ்சம் பிந்தி வந்ததாம். பிறகு தூங்கிவிட்டார், நானும்.

22 ஆகஸ்ட், திங்கள். தலைமன்னார்

அப்பா போன வழியைப் பார்க்கவேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம். ஹட்டனில் கோச்சி ஏறி இங்கே இறங்கி, ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம். அப்படித்தான் எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் வந்தார்கள்.

போகிற வழியில் பேசாலையில் டீ குடிக்க நின்றேன். கடை வாசலில் ஒரே பேச்சு. நேற்று நள்ளிரவோடு மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ஆகிவிட்டது. ஒரே தாவில் 253 ரூபாய். படகு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய்தான்.

"ஒருக்கால் போய்வர இருபத்தைஞ்சு லீட்டர் வேணும்" என்று ஒருவர் விரலை மடக்கினார். "நேத்து ரெண்டாயிரத்துச் சொச்சம். இண்டைக்கு எட்டாயிரத்தைஞ்நூறு. மீன் அதுக்கேத்த மாதிரிப் படுமோ?" மூன்று மாதமாக மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகை இழுத்துப் போட்டிருக்கிறார்கள். இப்போது விலை ஏறியதால் கிடைக்கும் என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

நான் தமிழ்நாடு என்றதும் பேச்சு ஒரு நிமிடம் நின்றது. பிறகு ஒரு பெரியவர் நிதானமாகச் சொன்னார்: "அரிசி தந்தவை, பால்மா தந்தவை, மறக்கேல்லை. ஆனா உங்கட ரோலர்கள் வந்து எங்கட வலையை அறுத்துக்கொண்டு போறதையும் எழுதுங்கோ தம்பி." எழுதிவிட்டேன், ரோலர் என்றால் இழுவைப்படகு. அவர் சொன்னது சரிதான், அதற்கு என்னிடம் பதிலும் இல்லை.

மார்ச் 22ல் தனுஷ்கோடிக்குப் படகில் போன முதல் 16 பேரைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். இந்தப் பக்கங்களிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. பிள்ளைகளோடு நடுக்கடல் மணல் திட்டில் காத்துக் கிடந்து, பிறகு மண்டபம் முகாமுக்குப் போனார்கள். "போனவை சும்மா போகேல்லை, கடன் பட்டுப் போனவை" என்றார் கடைக்காரம்மா. கிளாஸைக் கழுவிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

தலைமன்னாரில் வெளிச்சவீடு இருக்கிறது. பழைய இறங்குதுறை இடிந்து, கம்பிகள் துருப்பிடித்துக் கடலுக்குள் நிற்கிறது. 2015ல் திரும்பவும் ரயில் விட்டார்கள், கப்பல் இன்னும் இல்லை. கடல் அசைவே இல்லாமல் பச்சையாகக் கிடந்தது.

அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். திருப்பித் திருப்பிக் காட்டினேன்.

"தண்ணி இப்படியா இருக்கும்?" என்றார். "நான் அன்னிக்கி ஏறுனதிலருந்து வாந்தி. ஒண்ணும் பாக்கல."

அத்தையின் எட்டு மாதக் குழந்தையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. தேயிலைத்தூள் கொடுத்ததைச் சொன்னேன். சிரித்தார். கொஞ்ச நேரம் படத்தில் அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது.

"சரி, மாத்திர எத்தன அட்ட குடுத்த?"

"ரெண்டுலயும் ஆறு ஆறு."

"ஆறு அட்டைன்னா ரெண்டு மாசம். அக்டோபர்ல யாராச்சும் போறாங்களான்னு கேட்டு வைக்கணும். ஊசி நூலும் குடுத்து விடணும், நான்தான் எதுக்குன்னு அடிச்சிட்டேன்."